துணி மூடிய மூலையும் லைசென்ஸ்காரரும்

போர்ட்டாவாலி
பிப்ரவரி 19, செவ்வாய்

அன்பு மகள் எத்னாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன், சுகமாகவே இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போகாமல் தனிக் குடித்தனம் நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அந்தப் பெர்த் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே மூன்று வாரமாக மழையும் காற்றும்தான், கோழிக்கூட்டுக் கூரை ஒருநாள் பறந்து பக்கத்து வீட்டுச் சேடியின் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, அவள் அதைத் தன் நாய்க்குக் குடிசையாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், சண்டை போட்டு வாங்கி வந்தேன். பேத்தி ஓர்லா வரைந்து அனுப்பிய படம் வந்தது. அதில் எனக்கு மீசை இருக்கிறதே, ஏன் என்று கேட்டு எழுது. போன ஞாயிறு போனில் நீ மூன்று தடவை கேட்டாய், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று. சளி என்று சொன்னேன். சளி இல்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கணப்புப் பக்கத்தில் மேசையை இழுத்துப் போட்டு எழுதுகிறேன். குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

விஷயம் டிவி லைசென்ஸில் ஆரம்பித்தது. சிரிக்காதே. வீட்டில் டிவி இருந்தால் வருஷத்துக்கு நூற்று அறுபது யூரோ கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம், இதுதான் சட்டம், கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார். ஆனால் இருப்பவன் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறான், இல்லாதவள்தான் இல்லை இல்லை என்று தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. செப்டம்பரில் முதல் கடிதம் வந்தது, உன் அப்பா பேருக்கு. மானஸ் போனர் அவர்களே, உங்கள் லைசென்ஸ் ஒன்பது வருஷமாகப் புதுப்பிக்கப்படவில்லை என்று. கல்லறைக்குப் போய் இரண்டு வருஷம் ஆன மனுஷனுக்கு! ஐயா அவர் இறந்துவிட்டார், வீட்டில் டிவியும் இல்லை என்று பதில் போட்டேன். அடுத்த கடிதம் என் பேருக்கு வந்தது, சிவப்பு எழுத்தில். அதற்கும் பதில் போட்டேன். மூன்றாவதற்குப் போடவில்லை, அலுத்துவிட்டது, அதைக் கணப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டேன், நன்றாகத்தான் எரிந்தது. அதற்குப் பிறகு நவம்பரில் ஆளே வந்துவிட்டார்.

கில்டே என்று பேர். ஒல்லியான மனுஷர், ஓய்வு பெற இன்னும் ஒன்றிரண்டு வருஷம்தான் இருக்கும், மழையில் நனையாமல் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் நாலு மணி, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே வரலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, டிவி இல்லை, போய்ட்டு வாங்க என்றேன். அவர் என் தோளுக்கு மேல் பார்த்தார். நம் வீட்டு வாசலில் நின்றால் முன்னறையின் மூலை நேரே தெரியுமே. அந்த வெள்ளைத் துணி தெரிந்தது, அதற்குள் இருக்கிற சதுரமும் தெரிந்தது. அது என்னங்க என்றார். அது ஒண்ணுமில்லை என்று சொன்னேன். ஒண்ணுமில்லாததை ஏம்மா மூடி வச்சிருக்கீங்க என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். சாதாரணமாகக் கேட்டார், நான் கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டேன். அவர் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டு, வர்றேன் மிஸஸ் போனர் என்று போய்விட்டார். என் தப்பு அங்கேதான். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் நம்ம ஊர்ப்பக்கம் பிறந்தவன் எவனாக இருந்தாலும் அந்தத் துணியைப் பார்த்த உடனே தானாகத் தெரிந்துகொள்வான் என்று நினைத்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே பிடிபடும். நம் பையன் கீரன் போன படகு திரும்பி வரவில்லை என்று செய்தி வந்த அன்றைக்குச் சேடி வந்து சாவு வீட்டுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். கடிகாரத்தை நிறுத்தினாள், கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள், என் கல்யாணத்துக்கு வந்த லினன் விரிப்பை எடுத்து டிவி மேல் போட்டாள். அப்போது டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் கடலுக்கு மேல் வட்டம் போடுவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்துக்கு மேலேதான் துணி விழுந்தது, பிறகுதான் உன் அப்பா குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். அடக்கம் முடிந்து வந்து துணியை எடுப்பதுதான் வழக்கம். கூடப் போன மக்ஃபேடன் பையன்கள் இரண்டு பேரின் உடலும் ஐந்தாம் நாள் கரை ஒதுங்கியது, அடக்கம் முடிந்து அவர்கள் வீட்டில் துணி எடுத்தாயிற்று. நம் கீரன் வரவில்லை. சவப்பெட்டி இல்லை, அடக்கம் இல்லை, அப்புறம் துணியை எப்படி எடுப்பது. கடிகாரத்தை நான் ஓடவிட்டேன், நீ விமானத்துக்குப் போக நேரம் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடியை உன் அப்பா திருப்பிக்கொண்டார், முகம் மழிக்க வேண்டுமே. துணி மட்டும் நின்றுவிட்டது.

அதில்தான் எனக்கும் அவருக்கும் ஆரம்பித்தது. மூன்றாவது வாரமே அவர், எடு நோரீன், பையன் போய்ட்டான், எடுத்து மடிச்சு வை என்றார். நான், எந்தப் பையன் போய்ட்டான், கண்ணால பாத்தீங்களா என்றேன். ஒரு பூசை வைக்கலாம் என்றார், மாட்டேன் என்றேன். படகுத்துறைக் கல்லில் மக்ஃபேடன் பையன்கள் பேரை வெட்டி நடுவில் ஒரு பேருக்கு இடம் விட்டிருக்கிறார்களே, அதில் கீரன் பேரைப் போடலாம் என்றார், போட்டால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றேன். ஏழு வருஷம் கழிந்தால் இறந்ததாகக் கோர்ட்டில் தாள் வாங்கலாமாம், அதற்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று கொண்டுவந்து நீட்டினார், பேனாவைத் தூக்கி எறிந்தேன். உங்க பிள்ளைக்குச் சாவுத்தாள் வாங்க இவ்வளவு அவசரமா என்று கேட்டேன் எத்னா. என் வாயால் கேட்டேன். அவர் பேனாவைக் குனிந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

டிவி போன கதையும் அதற்குள்தான் இருக்கிறது. படகு போனதற்கு அடுத்த வசந்தத்தில் நான் பண்டோரனில் என் அக்கா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன். வந்ததும் அவர், டிவியைக் கொண்டுபோய்க் குப்பைக்கிடங்கில் போட்டுட்டேன், வருஷம் திரும்பினா அதே ஹெலிகாப்டரைக் காட்டுவானுங்க, என்னால பாக்க முடியாது என்றார். துணி? துணியை அப்படியேதான் விட்டிருக்கேன், நீதான் எடுக்கக் கூடாதுங்கறியே, அது தரையில விழாம இருக்க ஒரு மீன்பெட்டியை வச்சு அதுமேல போட்டிருக்கேன் என்றார். போய்ப் பார்த்தேன். அதே உயரம், அதே சதுரம், அதே மடிப்பு. நான் தொட்டுப் பார்க்கவில்லை. எட்டு வருஷமாக அதைச் சுற்றித் தூசி தட்டியிருக்கிறேன், தொட்டதில்லை.

இப்போது கில்டே வந்து போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன், உன் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உடனே டாக்டருக்குப் போன் போட்டுவிடாதே. ஒரு ஆள் வாசலில் நின்று, இருக்கிறது என்று நிச்சயமாக எழுதிக்கொண்டு போனால், இல்லை என்று நமக்குத் தெரிந்ததுகூட ஆட்டம் காண்கிறது. அவர் போன மறுநாள் சாயங்காலம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், ஆறு மணிக்குச் செய்திக்கு முன்னால் டிவியில் செப மணி அடிக்குமே, அது அடித்தது. முன்னறையிலிருந்து அடித்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். சேடி வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று மறுநாள் அவளைக் கேட்டேன். அவள், எனக்கு எதுக்கு மணி, நான் ஆறு மணிக்குக் குதிரைப் பந்தயம்தான் பாக்கறேன், சாமி என்னை மன்னிக்கட்டும் என்றாள். அதுவும் தவிர அவள் வீடு அந்தச் சுவர்ப் பக்கமே இல்லை, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வயல், வயலுக்கு அந்தப் பக்கம் கடல். பிறகு தினமும் ஆறு மணி ஆகும்போது கை வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்தேன். சில நாள் அடித்தது, சில நாள் அடிக்கவில்லை. அடிக்காத நாள்தான் மோசம், ஆறரை வரைக்கும் காத்துக்கொண்டு நிற்பேன், கிழங்கு தீய்ந்துபோகும்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு எண்ணம் வந்தது, வந்தது போகவில்லை. உன் அப்பா டிவியைக் கொண்டுபோகவே இல்லை என்று. மீன்பெட்டி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார், துணிக்கு அடியில் அதேதான் இருக்கிறது, அதில் அதே படம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளக் பிடுங்கியது தெரியும், இருந்தாலும் ஓடுகிறது. அடியில் ஹெலிகாப்டர் இன்னும் வட்டம் போடுகிறது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் துணியைத் தூக்கினால் தேடுவது நின்றுபோகும் அல்லவா. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு, வெளியே பட்டப்பகலாக இருக்கும்போது, அந்த அறையைக் கடந்து போக எனக்குப் பயமாக இருந்தது என்பது நிஜம். நாற்காலியை அந்த மூலைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டேன். அப்புறம் முதுகில் ஏதோ ஊர்வது போல இருக்கிறது என்று மறுபடி நேராகத் திருப்பிப் போட்டேன். இப்படியே கிறிஸ்துமஸ் போனது. நீ அன்றைக்குப் போனில், சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டாய், வாத்து சாப்பிட்டேன் என்றேன். ரொட்டியும் டீயும்தான்.

ஜனவரியில் கோர்ட்டிலிருந்து தாள் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் டிவி வைத்திருந்த குற்றத்துக்கு மார்ச் நாலாம் தேதி வந்து நிற்க வேண்டும் என்று. அறுபத்தெட்டு வயதுக்குள் நான் கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. சேடி, கட்டித் தொலைச்சிடு நோரீன், நூத்தி அறுபதுக்காக ஜட்ஜ் முன்னாடி போய் நிப்பியா, ஊரே பேசும் என்றாள். உண்மையைச் சொன்னால் நானும் கட்டத்தான் போனேன். பணத்துக்காக அழவில்லை, வருஷா வருஷம் கட்டிவிட்டால் எவனும் வந்து துணியைத் தூக்கு என்று சொல்ல மாட்டானே, நான் சாகிற வரைக்கும் அது அப்படியே இருக்கும், அந்தக் கணக்குதான். தபால் ஆபீஸில் வரிசையில் நின்று கவுண்டர் வரைக்கும் போனேன். அங்கே மக்கின்லி பொம்பளை, டிவி வாங்கிட்டியா நோரீன், ரொம்ப நல்லது, இத்தனை வருஷம் கழிச்சு உனக்கும் பொழுது போகணுமில்ல என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பின்னால் நின்றவர்களெல்லாம் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். நான் நாலு ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை கில்டே மறுபடி வந்தார். கோர்ட்டுக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று அவராகவே வந்தாராம், வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கொட்டுகிற மழை, வாசலில் நிற்க வைக்க எனக்கு மனசு வரவில்லை, உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு அவர், மிஸஸ் போனர், எனக்கும் இதில ஆசை ஒண்ணுமில்லை, அந்தத் துணியை ஒரே ஒரு தடவை தூக்கிக் காட்டிடுங்க, அங்க டிவி இல்லேன்னா இப்பவே இல்லேன்னு எழுதிடறேன், கேஸே இல்லை என்றார். நான், தூக்கக் கூடாது என்றேன். ஏன் என்றார். இன்னும் அடக்கம் ஆகலை என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். துணியைப் பார்த்தார், சுவரில் இருக்கிற கீரன் படத்தைப் பார்த்தார். கடல்லயா என்றார். ஆமா என்றேன். எத்தனை வருஷம் என்றார். ஒன்பது என்றேன். அந்த மனுஷர் எழுந்து நின்று, கோட்டுப் பித்தானை மேலே வரைக்கும் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்து, உங்க துக்கத்தை நினைச்சு ரொம்ப வருத்தப்படறேன் மிஸஸ் போனர் என்றார். சாவு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் சொல்கிற அதே வார்த்தை, அதே மாதிரி கையைப் பிடித்து. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஊர் முழுக்க வந்து சொன்னபோது நான் கையை இழுத்துக்கொண்டவள், இவரிடம் இழுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. நன்றிங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று.

பிறகு அவர் சொன்னார், நான் பாக்காததைப் பாத்தேன்னு எழுத மாட்டேன், அது எனக்குப் பழக்கமில்லை, ஆனா நீங்க பாத்துட்டு வந்து சொன்னா அதை எழுதிக்குவேன், நான் கார்ல உக்காந்திருக்கேன், எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று. மழையில் இறங்கிப் போய் காரில் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடி ஆவி பூத்துப்போய் அவர் முகம்கூடத் தெரியவில்லை.

நான் அந்த மூலைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எனக்கு இருந்த பயம் எது என்று கேட்டால் ஒன்று என்று சொல்ல முடியாது. டிவி இருந்தால் உன் அப்பா பொய்யர், இரண்டு தடவை இல்லை என்று கடிதம் போட்ட நானும் பொய்க்காரி. டிவி இல்லாவிட்டால் வெறும் பெட்டி, எட்டு வருஷம் நான் காவல் இருந்தது ஒரு வெறும் மீன்பெட்டிக்கு. இரண்டில் எதுவாக இருந்தாலும் துணி எடுத்தது எடுத்ததுதான். கீரன் பேரைச் சொன்னேன். மன்னிச்சுக்கோடா என்று சொன்னேன். இரண்டு கையாலும் நுனியைப் பிடித்துத் தூக்கினேன்.

டிவி இல்லை. மீன்பெட்டிதான், பழைய மரப்பெட்டி, மேலே ஒரு பலகை. உன் அப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. பலகையை எடுத்தேன். உள்ளே கீரனுடைய நீலக் கம்பளிச் சட்டை, நான் பின்னியது, அவன் அலமாரியில் காணோம் என்று போட்டுக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்திருந்தேனே, அது. கால்சட்டை ஒன்று, உள்ளாடை ஒரு ஜதை. நான் தேடித் தேடி, சேடிதான் கொடியிலிருந்து அடித்துக்கொண்டு போய்விட்டாள் என்று இரண்டு வருஷம் மனசுக்குள் வைது கொண்டிருந்த பச்சைக் குளியல் துண்டு. எல்லாம் உலர்ந்து, மடித்து, அந்துருண்டை போட்டு. நனைந்து வருகிறவனுக்கு உடனே மாற்றிக்கொள்ள என்னென்ன வேண்டுமோ அது அத்தனையும். எல்லாவற்றுக்கும் மேலே கடைக் காகிதம் பிரிக்காத தடிமனான கம்பளிக் காலுறை, ஏழு ஜோடி, பதினோராம் அளவு. உன் அப்பாவுக்கு எட்டு. இந்த வீட்டில் பதினோராம் அளவுக் கால் ஒருத்தனுக்குத்தான்.

ஏழு வருஷம் எத்னா. வருஷத்துக்கு ஒன்று. என்னிடம் அவன் போய்ட்டான் போய்ட்டான் என்று சொல்லிக்கொண்டே அந்த மனுஷர் வருஷா வருஷம் வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிடுவாரே, நம்பிக்கை போய்விட்டது, சாமியோடு கோபம் என்று நான் ஃபாதரிடம்கூடப் போய் அழுதேனே, நான் கோவிலுக்குப் போன அந்த நேரத்தில்தான் துணியை எடுத்து, எல்லாவற்றையும் உதறி, மடித்து, உருண்டை மாற்றி, அதே மடிப்பில் துணியைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். எனக்காகத்தான் போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறார். ஒருத்தராவது சொல்லாவிட்டால் இரண்டு பேரும் அந்த மூலையில் உட்கார்ந்துவிடுவோம் என்று நினைத்திருப்பார். நான் என்னென்ன சொன்னேன் அவரை. ஒன்றையாவது திருப்பிச் சொன்னாரா. கடைசி ஜோடியை வாங்க அவரால் கடைக்குப் போயிருக்கவே முடியாதே என்று சேடியிடம் கேட்டேன், அவள் அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவளை ரகசியமாகக் கூப்பிட்டு, கம்பளிக் காலுறை ஒரு ஜோடி வாங்கிட்டு வா, பதினொண்ணு, நோரீன்கிட்ட சொல்லாத என்றாராம். கால் வீங்கியிருக்குன்னு நெனச்சேன் நோரீன், வேற என்ன நெனைப்பேன் என்றாள். கடைசி மாசம் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டோமே, ஏன் அந்த மூலைப் பக்கம்தான் தலை வைப்பேன் என்று அடம்பிடித்தார் என்று இப்போதுதான் தெரிகிறது. நடக்கவே முடியாத ஆள் அதை எப்படி உள்ளே வைத்தார் என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனேன். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கார்க் கண்ணாடியைத் தட்டி, டிவி இல்லைங்க என்றேன். கில்டே என்னைப் பார்த்தார், அங்க வேற என்ன இருந்துச்சு என்று கேட்கவில்லை, உறையிலிருந்து தாளை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். கோர்ட்டு இல்லை. அதற்கப்புறம் ஆறு மணிக்கு எதுவும் கேட்கவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நீ நினைப்பாய். வீடு காலியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வக்கீல் ஆபீஸுக்குப் போய், உன் அப்பா அன்றைக்கு நீட்டிய அந்தச் சாவுத்தாளில் கையெழுத்துப் போட்டேன். ஃபாதரைப் பார்த்து மே மாதம் பதினைந்தாம் தேதிக்குப் பூசை சொல்லியிருக்கிறேன், அன்றைக்கே படகுத்துறைக் கல்லில் பேரும் ஏறும். நீ வர வேண்டும். வேலை, லீவு, டிக்கெட் விலை என்று எதையும் சொல்லாதே, இந்த ஒரு தடவை மட்டும் அம்மா கேட்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன், முடியவில்லை. கீரன் போய் மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தாய் அல்லவா. திரும்பிப் போகும்போது உன் அப்பாதான் லெட்டர்கென்னியில் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டார். காரில் நீ அவரிடம், கடல்கூட இன்னும் அவனைப் புதைக்கலைப்பா, நீங்க புதைச்சிட்டீங்க என்று சொன்னதாக அன்றைக்கு ராத்திரி டப்ளினிலிருந்து போன் போட்டு என்னிடம் சொன்னாய். சரியாத்தான் கேட்டிருக்கே என்று நான் உன்னைத் தட்டிக்கொடுத்தேன். அந்த ஏழு ஜோடியில் ஒன்றே ஒன்றில் கடை ரசீது ஒட்டிக்கொண்டிருக்கிறது. லெட்டர்கென்னிக் கடை. ஜனவரி ஆறு, மத்தியானம் மூன்று பத்து. உன் பஸ் மூன்று மணிக்கு. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை கண்ணு, அந்த வார்த்தையை உன் வாயில் போட்டவளே நான்தான். உன் பஸ் கிளம்பிப் போன பத்து நிமிஷத்தில் அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பது உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

மாதா உன்னையும் உன் வீட்டாரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், குழந்தைகளின் நெற்றியில் அம்மா பேரால் சிலுவை போட்டு முத்தம் கொடு. மே மாதம் என்றாலும் படகுத்துறையில் காற்று ஊசி மாதிரி குத்தும், அங்கத்து உடுப்போடு வந்து நிற்காதே, குழந்தைகளுக்குக் கம்பளி எடுத்துக்கொண்டு வா. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது.

இப்படிக்கு,
உனக்கும் உன் அப்பாவுக்கும் கீரனுக்கும் தப்பு செய்த,
உன் அம்மா
நோரீன்